இழுப்பது எஞ்சின், தள்ளுவது ஸ்பிரிங்

வி8 எஞ்சின் பூட்டிய 1970களின் ஷெவர்லே சி10 பிக்கப்பின் பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அகலமான வட்ட ஏர் ஃபில்டர். அதற்கு அடியில் கார்புரேட்டர், இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் நான்கு நான்கு சிலிண்டர்கள், முன்னால் ஃபேன். பெட்ரோல் பம்ப் இங்கெங்கும் தெரியாது. எஞ்சின் பிளாக்கின் முன்மூலையில், வலப்புறம், தாழ்வாகக் குனிந்து தேட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் அப்பிக் கிடக்க, கையில் அடங்கும் அளவுக்கு ஓர் உலோகக் கிண்ணம் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு போல்ட். இரண்டு குழாய், சில வண்டிகளில் மூன்று. ஒயர் ஒன்றுகூடக் கிடையாது.

பழைய பிக்கப் வைத்திருக்கும் அமெரிக்கர்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளும் வேலைகளில் ஒன்று இந்தப் பம்ப்பை மாற்றுவது. கடையில் புதிது வாங்கி, இரண்டு போல்ட்டைக் கழற்றி, இரண்டு போல்ட்டைப் பூட்டினால் முடிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வண்டிக்குள் எத்தனையோ உறுப்புகள் உண்டு. இவ்வளவு சின்ன இடத்துக்குள் இவ்வளவு யோசனை அடங்கியிருப்பதை நான் வேறெதிலும் பார்த்ததில்லை.

டேங்க் கீழே இருக்கிறது, கார்புரேட்டர் மேலே. பெட்ரோல் தானாக ஏறாது. ஃபோர்டின் மாடல் டி (1908–1927) காரில் பம்ப்பே இல்லை. பெரும்பாலானவற்றில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும்; பெட்ரோல் தன் கனத்திலேயே இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கார்புரேட்டர் டேங்கைவிட உயரே போய்விடும், எஞ்சின் வறண்டு நின்றுவிடும். அதனால் மலைச் சாலையில் காரைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் ஏற்றினார்கள். அடுத்து வந்தது வேக்யூம் டேங்க். எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் கொண்டே பெட்ரோலை ஒரு சிறு தொட்டிக்கு இழுத்து வைக்கும் ஏற்பாடு. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து நீண்ட ஏற்றம் ஏறினால் அந்த உறிஞ்சல் குறைந்துவிடும். அதிகம் வேண்டிய நேரத்தில்தான் அது கைவிடும். 1920களின் கடைசியில் ஏசி கம்பெனியின் டயாபிரம் பம்ப் வந்து இரண்டு தொல்லையையும் தீர்த்துவைத்தது. ஏசி என்பது ஆல்பெர்ட் சாம்பியன் என்பவரின் பெயரெழுத்து. பாரிஸில் பிறந்து, 1899-இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்று, பிறகு அமெரிக்கா போய் ஸ்பார்க் பிளக் செய்து பெரிய ஆள் ஆனவர். நம் ஊர்ப் பட்டறைகளிலும் இந்த வகைப் பம்ப்புக்கு ஏசி பம்ப் என்ற பெயர் புழங்கியது.

இனி உள்ளே போவோம். பம்ப்பின் நடுவே டயாபிரம் என்ற மெல்லிய வட்டம் விளிம்பில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. துணியையும் ரப்பரையும் சேர்த்துச் செய்தது. அதற்கு ஒரு பக்கம் பெட்ரோல் அறை, மறு பக்கம் ஸ்பிரிங். பெட்ரோல் அறைக்கு இரண்டு ஒருவழி வால்வுகள்: ஒன்று உள்ளே மட்டும் விடும், இன்னொன்று வெளியே மட்டும் விடும். எஞ்சினுக்குள் கேம் ஷாஃப்ட்டின் முன்முனையில் மையம் தள்ளிய ஒரு வட்டு இருக்கிறது. அது சுற்றும்போது ஒரு புஷ் ராடைத் தள்ளும், ராட் பம்ப்பின் லீவரைத் தள்ளும், லீவரின் மறுமுனை டயாபிரத்தை இழுக்கும். அறை விரியும், டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும், ஸ்பிரிங் அமுங்கும். எஞ்சின் செய்யும் வேலை இவ்வளவுதான். வட்டு விலகியதும் ஸ்பிரிங் விரிந்து டயாபிரத்தைத் தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஏறும்.

நான் நின்று பார்க்கும் இடம் இதுதான். லீவருக்கும் டயாபிரத்தின் தண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு தளர்வானது. கிணற்றுக் கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. இந்த இணைப்பும் அப்படித்தான். எஞ்சின் டயாபிரத்தை இழுக்க முடியும். எவ்வளவு பலம் இருந்தாலும், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், பெட்ரோலைத் தள்ள அதற்கு அனுமதி இல்லை. தள்ளுவது ஸ்பிரிங்கின் வேலை, ஸ்பிரிங் மட்டுமே செய்யும் வேலை.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. கார்புரேட்டரில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. அதில் மிதவை, மிதவையோடு ஓர் ஊசி வால்வு. பெட்ரோல் நிரம்பியதும் மிதவை எழும், ஊசி வழியை அடைக்கும். அந்தச் சின்ன ஊசி தாங்கக்கூடிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆறேழு பவுண்டு அளவில்தான். எஞ்சின் நேராகத் தள்ளினால் ஊசியை உதைத்துத் திறந்துவிடும், கார்புரேட்டர் வழிந்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கொட்டும். இங்கே தள்ளுவது ஸ்பிரிங் என்பதால், ஸ்பிரிங்கின் விறைப்பு எவ்வளவோ அவ்வளவுதான் அழுத்தம். அதற்கு மேல் போகவே போகாது. பின்னாளில் பெரிய எஞ்சின்களுக்கு ரெகுலேட்டர் என்று தனியாக ஒரு பொருளை வைத்துச் செய்த காரியத்தை, இந்தப் பம்ப்பில் ஒரு சுருள் கம்பி சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

ஊசி அடைத்துக்கொண்ட பிறகு என்ன ஆகும்? அறையில் உள்ள பெட்ரோலுக்குப் போக வழி இல்லை. ஸ்பிரிங் அமுங்கியபடியே நிற்கும், டயாபிரம் இழுபட்ட நிலையிலேயே காத்திருக்கும். லீவர் வரும், போகும். இழுக்க ஒன்றும் இருக்காது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 1500 சுற்று. அப்படியென்றால் லீவர் நொடிக்கு 25 முறை ஆடுகிறது. அந்த 25-இல் எத்தனை முறை டயாபிரம் அசைய வேண்டும், அசைந்தாலும் எவ்வளவு தூரம் என்பதைக் கார்புரேட்டரின் தாகம்தான் முடிவு செய்கிறது. கொஞ்சம் குடித்தால் ஸ்பிரிங் கொஞ்சம் விரியும், லீவர் அந்தக் கொஞ்சத்தை மட்டும் திரும்ப இழுத்து வைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அழகு இன்னும் கூடும். நல்ல பம்ப் 30 நொடிக்குள் ஒரு பைண்ட் பெட்ரோல் தர வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பார்க்கும் அளவு. ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு என்று பார்த்தால் 57 லிட்டர் ஆகிறது. மணிக்கு 60 மைல் ஓடும் பிக்கப், கேலனுக்கு 12 மைல் தருவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 5 கேலன் குடிக்கும். அது 19 லிட்டர். ஆக, நெடுஞ்சாலையில் விரட்டும்போதுகூட அந்தப் பம்ப் தன்னால் முடிந்ததில் மூன்றில் ஒரு பங்கைத்தான் செய்கிறது. மிச்ச நேரம் டயாபிரம் ஓய்வில் இருக்கிறது. பல வண்டிகளில் இது பத்துப் பதினைந்து வருடம் உழைத்ததற்கு இந்த ஓய்வுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

இதோடு ஒப்பிட்டால் பின்னால் வந்த மின்சாரப் பம்ப்பின் குணம் வேறு. 1987-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப்புகளில் கார்புரேட்டரை விட்டு த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனுக்கு மாறியபோது பம்ப் டேங்குக்குள் போய் உட்கார்ந்தது. அழுத்தம் 9-இலிருந்து 13 பவுண்டு. சாவி திருப்பியதும் இரண்டு நொடி ஓடி நிற்கும், எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் மறுபடி ஓடும். ரிலே செத்துப்போனால்கூட, ஆயில் அழுத்தம் ஏறியதும் ஆயில் ஸ்விட்ச் வழியாகப் பம்ப்புக்கு மின்சாரம் வரும்படி வைத்திருந்தார்கள். வண்டி சற்று நேரம் கிராங்க் ஆகித் தாமதமாகவாவது கிளம்பிவிடும். பெட்ரோல் அந்தப் பம்ப்பின் மோட்டாருக்குள்ளேயே, தீப்பொறி தெறிக்கும் கார்பன் பிரஷ்ஷைத் தொட்டுக்கொண்டே பாய்கிறது. காற்று இல்லாததால் தீப்பிடிக்காது, பாயும் பெட்ரோலே மோட்டாரைக் குளிர வைக்கிறது. இதெல்லாம் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அது முழு மூச்சில் ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சினுக்கு வேண்டியது போக மிச்சத்தை இன்னொரு குழாயில் டேங்குக்கே திருப்பி அனுப்பும். கேட்டதை மட்டும் கொடுக்கும் பம்ப்பின் மேல்தான் என் பிரியம்.

பழைய பம்ப்பின் உடம்பில், டயாபிரத்துக்கும் எஞ்சின் பக்கத்துக்கும் நடுவே, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அழுக்கு மூடியிருந்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டயாபிரம் அசையும்போது அதன் பின்புறம் காற்று வந்துபோக வேண்டுமே, அதற்கான வழி. ஆனால் இந்த ஓட்டை நோயையும் சொல்லும். அதிலிருந்து பெட்ரோல் சொட்டினால் டயாபிரம் கிழிந்துவிட்டது. எஞ்சின் ஆயில் சொட்டினால் டயாபிரம் நன்றாக இருக்கிறது, இழுக்கும் தண்டைச் சுற்றிய சீல் போய்விட்டது. எதையும் கழற்றாமல், விரலை வைத்து முகர்ந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கிழிந்த டயாபிரத்தின் பெரிய ஆபத்து வெளியே சொட்டுவது இல்லை, உள்ளே போவது. பெட்ரோல் எஞ்சினின் ஆயில் சம்ப்புக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் அளவு கூடியிருக்கும், தண்ணீராக ஓடும், பெட்ரோல் வாசனை அடிக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும்.

டயாபிரம் எங்கே கிழிகிறது என்று பார்க்க வேண்டுமென்றால், கழற்றிய பம்ப்பைப் பெட்ரோல் துளி இல்லாமல் நன்றாகக் காயவிட்டு, வைஸில் பிடித்து ரம்பத்தால் மெல்ல வெட்டிப் பார்க்கலாம். நடுவில் டயாபிரத்தை இரு பக்கமும் உலோகத் தட்டுகள் தாங்கிப் பிடித்திருக்கும். வெளிவிளிம்பில் பம்ப்பின் உடல் பிடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவே எதுவும் தாங்காத ஒரு வளையம், சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. மடங்கி விரிவதெல்லாம் அந்த வளையம்தான். விரிசலும் பெரும்பாலும் அங்கேதான், உள்தட்டின் விளிம்பை ஒட்டி, பிறைத்துண்டாக ஓடியிருக்கும். நடுப்பகுதியைத் தடவினால் புதிதாகவே இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, அதற்கென்று செய்யாத பழைய ரப்பர் விரைவில் விறைத்துப்போகிறது. இன்று புதிதாக வாங்கும்போது எத்தனாலுக்குத் தாங்கும் டயாபிரமா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இதற்கு முந்தைய தலைமுறைப் பம்ப்புகளை வெட்ட வேண்டியதில்லை. விளிம்பைச் சுற்றிலும் ஸ்க்ரூ இருக்கும், திறக்கலாம். வில்லிஸ் ஜீப்பில் வந்தது அந்த வகை. அந்த ஜீப்பை மகிந்திரா இந்தியாவில் கட்டியதால் நம் பட்டறைகளுக்கும் அது பழக்கம். டயாபிரம் கிட் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டுப் பம்ப்பை மறுபடி மாட்டுவார்கள். அந்த வேலையில் இரண்டு நுணுக்கம் உண்டு. திறப்பதற்கு முன் மேல்பாதி, கீழ்பாதி இரண்டின் மேலும் குறுக்கே ஒரு கோடு கீற வேண்டும். திரும்பப் பூட்டும்போது கோடும் கோடும் சேர்ந்தால்தான் குழாய்கள் பழைய திசையில் நிற்கும். இரண்டாவது இன்னும் நயமானது. ஸ்க்ரூக்களை இறுக்கும் முன் லீவரை அது போகும் கடைசி வரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். டயாபிரம் முழுதாக இழுபட்ட நிலையில், தனக்கு வேண்டிய துணியை விளிம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் இறுக்கினால் எந்த நேரமும் அது விறைப்பில் இருக்காது. லீவரைச் சும்மா விட்டு இறுக்கினால் ஒவ்வோர் இழுப்பும் துணியைக் கிழிக்கப் பார்க்கும். எந்த அளவுகோலும் வேண்டாம். கையால் லீவரை அழுத்தத் தெரிந்தால் போதும். பின்னாளில் பம்ப்பின் விளிம்பை மடித்து அடைத்துவிட்டார்கள். அதோடு இந்தக் கைவேலையும் போனது. எனக்கு அதில் வருத்தம்தான்.

மாற்றுவதற்கு முன், பம்ப்தான் குற்றவாளியா என்று பார்த்துவிட வேண்டும். மேடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கினால் பலரும் நேராகப் பம்ப்பைக் கழற்றுகிறார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை வரும் வழி உறிஞ்சும் வழி. அதில் ரப்பர் ஹோஸ் ஒன்று மயிரிழை அளவு விரிந்திருந்தாலும் பம்ப் பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். ஓடும்போது அங்கே ஒரு சொட்டும் கசியாது, ஏனென்றால் அங்கே உள்ளே இழுப்பு. வெளியே தள்ளும் அழுத்தம் இல்லை. காய்ந்த ஹோஸைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டுப் புதுப் பம்ப்பை மாட்டுவார்கள், வண்டி அதே மாதிரி மூச்சு வாங்கும். ஹோஸ் பழையது என்றால் முதலில் அதை மாற்ற வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் இடத்தில் உள்ள சிறு ஃபில்டரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் 30 நொடியில் பைண்ட் வரவில்லை என்றால், பம்ப்.

கழற்றும் வேலையில் பேட்டரியின் நெகட்டிவ்வை எடுப்பதும், டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கவ்வி அடைப்பதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை. வண்டி நிற்கும் விதத்தைப் பொறுத்து, ஹோஸைக் கழற்றியதும் டேங்கே காலியாகும் அளவுக்கு வழிந்துகொண்டிருக்கும். கஷ்டம் கொடுப்பது மேலே கார்புரேட்டருக்குப் போகும் இரும்புக் குழாய். அதன் நுனியைக் கவனித்திருக்கிறீர்களா? குழாயின் வாய் வெளிப்பக்கம் விரிந்து, விரிந்த உதடு தன் மேலேயே ஒரு முறை மடிந்து இரட்டையாக இருக்கும், 45 டிகிரி சாய்வில். பம்ப்பின் வாயில் அதற்கு எதிராக ஒரு கூம்பு. நட்டை இறுக்கினால் உதடு கூம்பின் மேல் நசுங்கி உட்காரும். ரப்பர் இல்லை, வாஷர் இல்லை, பசை இல்லை. இரும்போடு இரும்பு உரசி அடைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பெட்ரோலைக் கசியாமல் வைத்திருக்கிறது.

துருப்பிடித்த அந்த நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் மூலைகள் மழுங்கும், அல்லது நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டு ஒடியும். இதற்கென்று ஃபிளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது: ரிங் ஸ்பேனரின் வளையத்தில் குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு வாய் வெட்டியது. நட்டின் ஆறு பக்கத்தில் ஐந்தைப் பிடித்துக்கொள்ளும். 5/8 அங்குல ஸ்பேனர் குழாயின் நட்டுக்கு, ஓர் அங்குல ஸ்பேனர் பம்ப்பின் வாய்க்கு. பம்ப்பின் வாயை ஒரு கை அசையாமல் பிடிக்க, மறு கை நட்டைத் திருக வேண்டும். இரண்டு கையும் ஒன்றுக்கொன்று எதிராக, அந்த இடுக்கில். நட் கிறீச்சிட்டு விடுகிற அந்த ஒரு நொடியில் தோள் வரை நிம்மதி பரவும்.

இரண்டு போல்ட்டையும் எடுத்துப் பம்ப்பை இழுத்தால் வந்துவிடும். கூடவே கொஞ்சம் ஆயிலும், கூடவே புஷ் ராடும். அந்த ராடை ஒரு முறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் தடிமன், ஐந்தேமுக்கால் அங்குல நீளம், வழுவழுப்பான உருளை. இரு முனையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ஒரு முனை கேமின் வட்டில் உரசியது, மறு முனை லீவரில் உரசியது. நல்ல ராடில் மினுமினுப்பு மட்டும் இருக்கும். தேய்ந்த ராடில் முனை சரிந்தோ குழிந்தோ இருக்கும். அளந்தால் நீளம் குறைந்திருக்கும். ராட் எவ்வளவு குட்டையோ அவ்வளவு லீவரின் வீச்சும் குறையும், அவ்வளவு பெட்ரோலும் குறையும். புதுப் பம்ப் போட்டும் பெட்ரோல் போதவில்லை என்று புலம்புகிற பல இடங்களில் யாரும் இந்த ராடை அளந்திருக்க மாட்டார்கள்.

இப்போது வேலையின் உச்சம். ராட் நிற்பது பிளாக்குக்குள் மேலிருந்து கீழாகச் சாய்ந்த ஒரு துளையில். மேலே கேம், கீழே பம்ப்பின் லீவர். பம்ப் இல்லையென்றால் ராடைத் தாங்க ஒன்றும் இல்லை. மேலே தள்ளினால் வழுக்கிக் கீழே வரும். புதுப் பம்ப்பின் லீவர் அதற்கு அடியில் போய் உட்கார வேண்டும். ஒரு கை பம்ப்பைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை போல்ட்டை. ராடைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ராட் வழுக்கி லீவரின் பக்கவாட்டில் இறங்கியது தெரியாமல் போல்ட்டை இறுக்கினால் லீவர் வளையும், அல்லது புதுப் பம்ப் உடையும்.

முதல் உதவி கேமிடமே இருக்கிறது. எஞ்சினை முன்னாலிருந்து ஸ்பேனரால் மெல்லச் சுற்றி, வட்டின் தாழ்ந்த பக்கம் ராடைப் பார்க்கும்படி நிறுத்தினால் ராட் மேலே நன்றாக ஏறிக்கொள்ளும். லீவருக்கு இடம் தாராளம். இரண்டாவது உதவி கிரீஸ். ராடைத் துடைத்து, கெட்டியான கிரீஸைத் தாராளமாகப் பூசி உள்ளே தள்ளினால், பம்ப்பை மாட்டும் நேரம் வரை கிரீஸின் பிசுபிசுப்பே அதைப் பிடித்து நிற்கும். கோடை வெயிலில் கிரீஸ் இளகி ராட் இறங்கிவிடுவதால் கிரீஸை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் உண்டு.

மூன்றாவது உதவிதான் என்னைப் பரவசப்படுத்துவது. பிளாக்கின் முன்முகத்தில் சில போல்ட் துளைகள் உண்டு. 1955-இல் இந்த எஞ்சின் பிறந்தபோது ஷெவர்லே கார்களில் எஞ்சினை முன்முகத்தில் தாங்கிய மவுண்ட்டுகள் பூட்டிய இடம் அது. பிறகு மவுண்ட்டுகள் பக்கவாட்டுக்குப் போயின, துளைகள் அப்படியே இருந்துவிட்டன. வலப்பக்கத்துத் துளை ஒன்று ஊடுருவி நேராக ராடின் துளைக்குள் திறக்கிறது. அதில் சாதாரணமாக ஒரு குட்டை போல்ட் அடைப்பாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே மரையில் நீளமான போல்ட் ஒன்றை விரலால் திருகினால், அதன் நுனி போய் ராடின் வயிற்றில் முட்டும். ராடை மேலே தள்ளிப் பிடித்து, போல்ட்டை விரல் பலத்தில் மட்டும் இறுக்கினால், ராட் நின்ற இடத்தில் நின்றுவிடும். இரண்டு கையும் பம்ப்புக்குக் கிடைத்துவிட்டது. ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது, ராடில் தழும்பு விழும். வேலை முடிந்ததும் நீள போல்ட்டை எடுத்துவிட்டு, குட்டை போல்ட்டின் மரையில் கொஞ்சம் சீலர் தடவிப் பூட்ட வேண்டும். நீள போல்ட் மறந்துபோய் உள்ளேயே இருந்தால் ராட் அசையாது, பம்ப் வேலை செய்யாது. குட்டை போல்ட்டைப் போட மறந்தால் அந்த ஓட்டை வழியே ஆயில் வழியும்.

பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு தட்டு, தட்டின் இரு முகத்திலும் கேஸ்கெட். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துளைக்குள் ஒரு துணியை அடைத்துவிட்டுச் சுரண்ட வேண்டும். துகள் விழுந்தால் ஆயிலோடு போய்விடும். புதுப் பம்ப்பை லீவர் ராடுக்கு அடியில் வரும்படி நுழைத்து, இரண்டு போல்ட்டையும் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட வேண்டும். வட்டின் தாழ்ந்த பக்கம் நிற்கிறது என்றால் பம்ப் கிட்டத்தட்டத் தானாகவே தட்டோடு பொருந்தும், கையில் மெலிதாக ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரியும். அந்த எதிர்ப்பு நல்ல சகுனம்: லீவர் ராடைத் தொட்டுவிட்டது. எதிர்ப்பே இல்லையென்றால் ராட் வேறெங்கோ இருக்கிறது. பலமாக முரண்டு பிடித்தால் கேம் ஏறி நிற்கிறது, எஞ்சினைச் சற்றுச் சுற்ற வேண்டும். பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் கேஸ்கெட் ஒரு பக்கம் பிதுங்காது. இரும்புக் குழாயின் நட்டைப் பம்ப்பைப் பூட்டுவதற்கு முன்பே விரலால் இரண்டு மரை பிடிக்கவிடுபவர்கள் உண்டு. பம்ப் தளர்வாக இருக்கும்போது நட் நேராக ஏறும், மரை குறுக்கே சிக்காது. நானும் அந்தக் கட்சி.

சம்ப்புக்குள் பெட்ரோல் இறங்கியிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். முதல் முறை கிராங்க் செய்யும்போது உடனே பிடிக்காது. காலியாகிப்போன குழாயும் கார்புரேட்டரின் தொட்டியும் நிரம்ப வேண்டும். ஸ்டார்ட்டர் சூடேறாமல் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். பிடித்ததும் டார்ச் அடித்து நட்டைச் சுற்றியும் கேஸ்கெட் ஓரத்திலும் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்குப் போகும் வழியில் ஒரு டி-இணைப்பு வைத்து அழுத்தமானியைப் பூட்டினால் முள் ஆறு ஏழு பவுண்டில் போய் நிற்கும், எஞ்சின் வேகத்தைக் கூட்டினாலும் அதிகம் அசையாது. ஸ்பிரிங் தன் அளவைத் தாண்ட விடுவதில்லை. இப்போது எஞ்சினை நிறுத்துங்கள். முள் உடனே விழாமல் அங்கேயே நின்று, மெல்ல மெல்லத்தான் இறங்க வேண்டும். சட்டென்று பூஜ்யத்துக்குச் சரிந்தால், ஒன்று கார்புரேட்டரின் ஊசி மூடவில்லை, அல்லது பம்ப்பின் வால்வு மூடவில்லை. ஊசி சரி என்றால், புதிது என்று பார்க்காமல் அந்தப் பம்ப்பைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிவிட வேண்டும்.